வாரண்டி உள்ள மைக்

நேற்று மாலை என் மனைவி போனை நீட்டி இரண்டு ஸ்பீக்கர்களைக் காட்டினாள். ஒன்று விலை குறைவு, கம்பெனி பெயர் கேள்விப்பட்டதில்லை. இன்னொன்று கொஞ்சம் கூடுதல். "இதுக்கு ஒரு வருசம் வாரண்டி இருக்குதுங்க. கெட்டுப்போனா புதுசே குடுத்துடுவாங்களாம்" என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "புதுசு குடுத்துட்டா எல்லாம் சரியாயிடுமா?" என்று கத்திவிட்டேன். பாவம், சமைக்கும்போது பாட்டுக் கேட்க ஒரு பெட்டி கேட்டாள், அவ்வளவுதான். ராத்திரி சப்பாத்தி தட்டில் விழுந்த சத்தத்திலேயே அவள் கோபம் தெரிந்தது.

உங்களிடம் சொல்வதற்கென்ன, வாரண்டி என்ற சொல்லே எனக்கு ஆகாது. ஒரு காலத்தில் அதைத் தினமும் நூறு தடவை சொல்லி வயிறு வளர்த்தவன் நான்.

கல்லாவியிலிருந்து ஓசூருக்கு வந்த புதிதில் எந்தக் கம்பெனியும் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆடியோ கடையில் ஒட்டிக்கொண்டேன். உள்ளே நுழைந்தாலே பிசின் வாசனை, புது ஸ்பீக்கர்களுக்கே உரியது. வாசலில் ஆள் உயரத்துக்கு இரண்டு பெட்டிகள். கடை திறந்ததிலிருந்து சாத்தும்வரை தமிழ், கன்னடம், தெலுங்கு என்று மாற்றி மாற்றி அலறும். சத்தம் நின்றால் வியாபாரம் நின்றுவிடும் என்பது முதலாளியின் நம்பிக்கை. அங்கே யாரும் யாரிடமும் மெதுவாகப் பேசியதில்லை. இன்றைக்கும் எங்காவது அந்தப் பிசின் வாசனை வந்தால் எனக்குத் தலை வலிக்கும்.

சத்தம் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. நான் தங்கியிருந்த தெருவில் ஒரு கீரைக்காரம்மா விடிந்தும் விடியாமலும் மொபெட்டில் வருவார். "கீரே... சொப்பூ... ஆக்கூரா..." மூன்று மொழிக்காரர்களையும் ஒரே மூச்சில் எழுப்பிவிடுவார். பனிக்காலக் குளிரில் போர்வைக்குள் கிடந்துகொண்டு அந்தக் குரலை நான் திட்டாத திட்டு இல்லை. கணீரென்று, கதவைத் தட்டுகிற மாதிரி ஒரு குரல். தொண்டையா, தகரமா என்று அறை நண்பனிடம் கேட்பேன்.

அவரே ஒருநாள் எங்கள் கடைக்கு வந்து நின்றார். பெயர் ரத்தினம்மா. பேரிகை என்ற ஊர்ப் பக்கத்துக்காரர். வியாபாரிகள் வண்டியில் கட்டிக்கொள்ளும் ரெக்கார்டிங் மைக் வேண்டும் என்றார். ஒரு தடவை பேசிப் பதிந்துவிட்டால் அதுவே திரும்பத் திரும்பக் கூவும். நான் இரண்டை எடுத்து வைத்தேன். ஒன்று உள்ளூரில் பூட்டியது. விலை பாதி, வாரண்டி கிடையாது, நாலு திருகைக் கழற்றினால் யார் வேண்டுமானாலும் பிரிக்கலாம். மற்றது கம்பெனி மைக். ஒரு வருட வாரண்டி, சீல் ஒட்டியது.

அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "எத்தினி நாளைக்கு ஒழைக்கும்? கெட்டுப்போனா யாரு பாப்பாங்க? ஒருக்கா பேசி வெச்சா அழியாம இருக்குமா?"

"நீங்களா அழிக்காத வரைக்கும் அழியாதுக்கா. கெட்டுப்போனா கம்பெனியே பாத்துக்கும்."

"அந்த பாதி வெலையுதே போதும்னு தோணுதுப்பா. எதுர்ல ரிப்பேர்கார அண்ணன் இருக்காரு, அவரே பாப்பாரு."

விடுவேனா? கம்பெனிப் பொருள் விற்றால் எனக்குத் தனியாக ஏதோ கிடைக்கும். அதையும் இதையும் பேசி, வாரண்டி அட்டையில் முத்திரை குத்தி அவர் கையில் திணித்தேன். பெரிய கெட்டிக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அதன் பிறகு காலையில் எங்கள் தெருவில் மைக் கூவியது. அதே குரல், இன்னும் உரக்க. அதையும் திட்டினேன்.

நாலைந்து மாதம் கழித்து மைக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு. சார்ஜ் ஏறவில்லை. பார்த்தேன், சார்ஜர் செருகும் இடத்தில் பின் ஆடியது. ஒரு பொட்டு ஈயம் வைத்தால் தீர்ந்தது. அவருக்கும் அது தெரிந்திருந்தது. எதிர்க்கடையைக் கைகாட்டி, காற்றுப்போன தொண்டையில் ஏதோ சொன்னார். வாசல் பெட்டிகள் அலறிக்கொண்டிருந்தன.

"பிரிச்சா வாரண்டி போயிடும்க்கா. குடுங்க, கம்பெனிக்கு அனுப்பிடலாம்" என்று கையிலிருந்து வாங்கப் போனேன்.

அவர் விடவில்லை. கல்லாவின் மேல் சாய்ந்து என் காதருகே வந்தார். "அதுல எங்கொரலு இருக்குதுப்பா."

"மறுபடி பேசிப் பதிஞ்சுக்கலாம்க்கா, அரை நிமிசம்கூட ஆவாது. தொண்ட கட்டியிருக்கு போல, சுக்கு காப்பி குடிங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் இருந்தது வெறுப்புதான். உள்ளங்கையால் கல்லாவை ஓங்கி ஒரு தட்டு தட்டினார். முதலாளி எழுந்து வந்து, "ஏம்மா, ஓசில புதுசு வாங்கித் தரோம்னா ரகளை பண்றியே" என்றார். ரத்தினம்மா வாயைத் திறந்து மூடினார். எங்கள் கூச்சலோடு போட்டி போட அவரிடம் ஒன்றும் இல்லை. மைக்கை வைத்துவிட்டுப் போனார். அவர் நல்லதுக்குத்தான் செய்தேன் என்று அப்போது நினைத்தேன். பொய். அந்த ரிப்பேர் வேலை எதிர்க்கடைக்காரர் கைக்குப் போய்விடக் கூடாது என்பதுதான் என் எண்ணம்.

இருபது நாளில் கம்பெனி சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. புத்தம் புது மைக், பிளாஸ்டிக் உறை கழற்றாதது. ரத்தினம்மா பொத்தானை அழுத்தினார். மைக்குக்குள்ளிருந்து ஒரு பெண் இங்கிலீசில் ஏதோ சொன்னாள். மறுபடி அழுத்தினார். அதே பெண்.

அப்போதுதான் எனக்கு என்னவோ உறைத்தது. ஓடிப்போய் வாசல் பெட்டிகளை நிறுத்தினேன். ரத்தினம்மா துண்டை விலக்கிக் காட்டினார். கழுத்தின் குறுக்கே தையல் தழும்பு.

"ஆப்பரேசனுக்கு மொதல்ல பேசி வெச்சதுப்பா. கொரலு திரும்பாம போனாலும் போவும்னு டாக்டரு சொல்லிதான் இத வாங்குனேன்."

கடை அமைதியாக இருந்ததால் ஒவ்வொரு சொல்லும் கேட்டது. கம்பெனிக்குப் போன் போட்டேன். திரும்பி வந்த பழைய பொருளையெல்லாம் அன்றன்றே உடைத்துவிடுவோம் சார் என்றான் ஒருவன், நல்ல மரியாதையாக. அவன் சொன்னது அந்த அமைதியில் அவருக்கே கேட்டுவிட்டது, நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ரத்தினம்மா புது மைக்கைக் கல்லாவில் என் பக்கமாகத் தள்ளிவிட்டு இறங்கிப் போனார். நான் அவரைக் கூப்பிடவில்லை. முதலாளி, "சத்தத்த போடுடா" என்றார். போட்டேன். அந்த மைக்கை மறுநாள் வேறு ஒருவருக்கு விற்றதும் நான்தான்.

பிறகு ஒரே ஒரு முறை அவரைப் பார்த்தேன். சிப்காட் போகும் கம்பெனி பஸ்ஸுக்காக, கூட்டிப் பெருக்குகிற ஆட்களுக்குக் கொடுக்கும் நீலக் கோட்டோடு நின்றிருந்தார். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதுதான் நியாயம்.

அந்தக் கடை இப்போது இல்லை. எதிர்க்கடைக்காரரும் போய்விட்டார். எங்கள் தெருவில் இன்று எல்லா டெம்போவிலும் போனில் இறக்கிய ஒரே ஆண் குரல்தான், தக்காளிக்கும் அதுவே, பழைய இரும்புக்கும் அதுவே. ரத்தினம்மாவின் குரல் எத்தனையோ விடியற்காலைகளில் கேட்டது. கண்ணை மூடி அந்தக் குரலை வரவழைக்கப் பார்த்திருக்கிறேன். வார்த்தைகள் வருகின்றன, குரல் வருவதில்லை. ஒருநாள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நானே கூவிப் பார்த்தேன். கடையில் சாமான் விற்பவனின் குரல்தான் கேட்டது.