பட்டம் காலியாக இருந்த பதினொரு மாதங்கள்

மெக்சிகோவில் ஹெவிவெயிட் மல்யுத்தப் பட்டங்கள் ஒன்றல்ல, பல இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் வரலாறு எனக்குத் தலைகீழ்ப் பாடம். யார் யாரிடமிருந்து பறித்தார், யார் எத்தனை மாதம் வைத்திருந்தார், எப்போது அது கேட்பாரற்றுக் கிடந்தது, எல்லாம் சொல்வேன். ஹம்பேர்க்கில் ஒரு ஹோட்டலின் நிலவறையில் படுக்கை விரிப்பு மடித்துப் பிழைத்த யாழ்ப்பாணத்தானுக்கு இது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவி இன்றைக்கும் கேட்கிறாள்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில வருடங்கள் அவை. அந்த ஹோட்டலின் சலவைப் பகுதியில் எனக்கு எதிரே நின்று வேலை செய்தவர் ஒரு மெக்சிகோக்காரர். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். கதவை அடைக்கும் தோள், வழுக்கைத் தலை, இழுத்து நடக்கும் வலது கால். இரட்டைக் கட்டில் விரிப்பை ஒருவர் மடிக்க முடியாது. இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து, மூலையோடு மூலை சேர்க்க வேண்டும். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை ஒரு மனிதனின் முகத்துக்கு நேரே போய் நின்றால் பேசாமல் இருக்க முடியாது. எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த ஜெர்மன்தான். ஆனால் அவர் பேசியதெல்லாம் என் காதில் எங்கள் ஊர்ப் பேச்சாகவே தங்கியிருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

தன் மனைவி இறந்த பிறகுதான் அவர் தன்னைப் பற்றி வாய் திறந்தார் என்று நினைக்கிறேன். தான் மல்யுத்த வீரன் என்றும், ஒரு ஹெவிவெயிட் பட்டத்தை வைத்திருந்தவன் என்றும் ஒருநாள் தலையணை உறைகளை எண்ணிக்கொண்டே சொன்னார். அவருடைய நாட்டில் சனங்களுக்குப் பிடித்தது கயிற்றில் ஏறிப் பறக்கிற சின்ன உடம்புக்காரரைத்தானாம். பெரிய உடம்புக்காரர் குறைவு. அதனால் ஹெவிவெயிட் பட்டம், கடையில் தொங்கும் மிகப் பெரிய அளவுச் சட்டை மாதிரி, பொருந்துகிற ஆள் வரும்வரை காத்திருக்குமாம். முதலாவது வீரர் சனங்களுக்கு அலுத்துப்போகும்வரை அதை விடவில்லை. அடுத்தவர் சில வாரங்களில் கோட்டை விட்டார். இன்னொருவர் கோபித்துக்கொண்டு, பட்ட வீரர் இடுப்பில் கட்டும் பட்டியோடு வீட்டுக்குப் போய்விட, புதுப் பட்டி செய்யவேண்டி வந்தது. இப்படி ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்து, "அதுக்குப் பிறகு நான்" என்று நிறுத்துவார்.

எல்லையோரச் சிறு பட்டணம் ஒன்றில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அன்றைய பட்ட வீரரைத் தோற்கடித்து இவர் பட்டத்தை எடுத்தார். அந்தப் பட்டத்தோடு ஜெர்மனிக்கு ஒப்பந்தத்தில் வந்தார். அந்தக் காலத்தில் இங்கே பெரிய கூடாரம் அடித்து வாரக்கணக்கில் மல்யுத்தம் நடக்கும். இரண்டாவது மாதமே முழங்கால் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் காலைப் பார்த்துக்கொண்ட தாதியைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே நின்றுவிட்டார். வென்று பதினொரு மாதம் கழிந்தும் ஆள் திரும்பி வராததால் அங்கே பட்டம் காலி என்று அறிவித்துவிட்டார்கள். "நான் ஆரிட்டையும் தோக்கேல்லை" என்பார். அதைச் சொல்லும்போது விரிப்பு கொஞ்சம் இறுகும்.

அவர் முகமூடி போட்டு ஆடியவர். அங்கே முகமூடி என்பது விளையாட்டுச் சாமான் அல்ல. இரண்டு பேர் முகமூடியைப் பந்தயமாக வைத்து மோதினால், தோற்றவர் கோதாவின் நடுவில் அதைக் கழற்றி, தன் சொந்தப் பெயரையும் ஊரையும் எத்தனை வருடம் ஆடினார் என்பதையும் எல்லோருக்கும் கேட்கச் சொல்ல வேண்டும். பிறகு முகமூடியை வென்றவர் கையில் கொடுத்துவிட வேண்டும். மறுபடி அதைப் போட முடியாது. அந்தப் பந்தயத்துக்கு அவரைப் பலர் அழைத்திருக்கிறார்கள். அவர் ஒருபோதும் சம்மதிக்கவில்லை. அவருடைய தெருக்காரருக்கே அவர் யாரென்று தெரியாதாம். இங்கே ஹோட்டலில் எல்லோருக்கும் அவருடைய பெயர் தெரியும், முகமூடி தெரியாது. அங்கே முகமூடி தெரியும், பெயர் தெரியாது. இரண்டையும் அறிந்தவர் அவருடைய மனைவி. அந்த அம்மா போன பிறகு நான்.

அந்த வருடம்தான் எங்கள் வீட்டுக்குக் கம்பியூட்டர் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைச் சாப்பிடக் கூப்பிட்டேன். இடியப்பமும் சொதியும் முடிந்த கையோடு இணையத்தில் அந்தப் பட்டத்தைத் தேடினோம். கனடாவில் யாரோ ஒரு மல்யுத்தப் பைத்தியம் முதலாவது வீரரிலிருந்து கடைசி வீரர்வரை வரிசையாகப் பட்டியல் போட்டு வைத்திருந்தார். மெக்சிகோக்காரர் விரலைத் திரையில் வைத்து ஒவ்வொரு பெயராக இறங்கினார். பட்டியோடு வீட்டுக்குப் போனவர் இருந்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் இருந்தார்கள். இவர் தோற்கடித்த ஆள் இருந்தார். அதற்கு அடுத்த வரியில் 'பட்டம் காலி, பதினொரு மாதம்' என்று போட்டிருந்தது. காரணம் தெரியவில்லை என்றும் ஒரு குறிப்பு.

"நான் அங்கை இருந்தனான்" என்றார்.

என் மனைவி கொண்டுவந்த தேத்தண்ணி ஆறிப்போனது. அவருக்குப் பிள்ளைகள் இல்லை, மனைவி இல்லை, ஊருக்குத் திரும்பும் எண்ணமும் இல்லை. உலகத்தில் தனக்கென்று இருக்கவேண்டிய ஒரு வரி இல்லாமல் போனதை அந்த மனிதர் என் வீட்டுக் கதிரையில் இருந்து பார்த்தார். எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் எனக்குப் பின்னாலேயே வீராப்பும் வந்துவிடும். "விடுங்கோ, நான் எழுதிச் சேர்ப்பிக்கிறன்" என்றேன்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எங்கள் ஆட்களுக்குள் நான் பெயர்பெற்ற அன்ட்ராக்காரன்; அன்ட்ராக் என்றால் ஜெர்மனில் விண்ணப்பம். விண்ணப்பம் என்று எந்தத் தாள் வந்தாலும், அது அரசாங்கம் தரும் பிள்ளைக் காசுக்கோ வீட்டுக்கோ வதிவிட அனுமதிக்கோ, என்னிடம்தான் கொண்டுவருவார்கள். அந்த வித்தையை நான் அடிபட்டுப் படித்தேன். ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கியபோது என் கையிலிருந்த கடவுச்சீட்டில் படம் மட்டும்தான் என்னுடையது. என் முதல் அகதி விண்ணப்பத்தை ஆதாரம் போதாது என்று தள்ளிவிட்டார்கள். அன்றிலிருந்து நான் எங்கே எதை அனுப்பினாலும் கேட்டதைப் போல மூன்று மடங்கு பிரதி வைத்துத்தான் அனுப்புவேன். கேட்காத பிறப்புச் சாட்சிப் பத்திரத்தையும் வைப்பேன். திரும்பி வந்ததே இல்லை.

அவர் ஒரு படம் கொண்டுவந்து தந்தார். முகமூடியும் இடுப்பில் பட்டியுமாக, வியர்வையில் நனைந்து நிற்கிறார். "படம் மட்டும் அனுப்பும். படம் காணும்" என்றார்.

காணாது, படம் மட்டும் போதாது என்று எனக்குத் தோன்றியது. முகமூடி போட்ட படத்தில் யாரும் நிற்கலாமே. அவருடைய ஓய்வூதிய விண்ணப்பத்தை நிரப்பியவனும் நான்தான் என்பதால், அவருடைய பழைய ஒப்பந்தத்தின் பிரதி என்னிடம் இருந்தது. 'தற்போதைய பட்ட வீரர்' என்று அதில் தெளிவாக அடித்திருந்தது. மேலே மேடைப் பெயர், பக்கத்திலேயே சொந்தப் பெயர், பிறந்த ஊர். இதைவிட ஆதாரம் என்ன வேண்டும்?

"அவர் படம் மட்டுமெல்லோ அனுப்பச் சொன்னவர்? ஒருக்கா கேட்டுப்போட்டு அனுப்புங்கோவன்" என்றாள் மனைவி.

"உமக்கு அன்ட்ராக் எண்டால் என்னெண்டு தெரியுமோ?" என்று அவளிடம் பாய்ந்தேன். பள்ளிக்கூட ஆங்கிலத்தில் அருமையாக ஒரு கடிதம் எழுதி, படத்தோடு ஒப்பந்தத்தையும், போதாக்குறைக்கு அடையாள அட்டைப் பிரதியையும் இணைத்து அனுப்பினேன்.

முகமூடிப் பந்தயத்தைப் பற்றி அவர் சொன்னது எனக்கு மறந்துபோகவில்லை. அது கோதாவில் நடப்பது, இது விண்ணப்பம் என்று நினைத்தேன். அலுவலகத்துக்குக் கொடுத்த தாள் கோப்புக்குள் போகும், கோப்பு அலமாரிக்குள் போகும், அலமாரியைப் பூட்டுவார்கள். என் வாழ்க்கையில் அதுவரை அப்படித்தான் நடந்திருந்தது. இணையத்துக்கு அலமாரி கிடையாது என்பது எனக்குத் தெரியாது.

ஒரு வாரத்தில் பதில் வந்தது. கனடாக்காரருக்குத் தலைகால் புரியாத சந்தோசம். பட்டியலைத் திருத்திவிட்டதாகவும், எங்கள் இருவருக்கும் பெரிய நன்றி என்றும் எழுதியிருந்தார். நான் பக்கத்தைத் திறந்து மேலோட்டமாகப் பார்த்தேன். காலி என்ற வரி போய் அவருடைய மேடைப் பெயர் வந்திருந்தது. அதற்கு மேல் வாசிக்கப் பொறுமை இல்லை. நிறத்தில் அச்சடித்து, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, அடுத்த நாள் காலை வேலைக்குக் கொண்டுபோனேன்.

அவர் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். விரல் மேலிருந்து இறங்கியது. தன் வரிக்கு வந்ததும் முகம் மலர்ந்தது. அந்த மனிதரை அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பிறகு விரல் வலப்பக்கம் நகர்ந்தது. மேடைப் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அவருடைய சொந்தப் பெயரும் ஊரும் இருந்தன.

"இதை ஆர் குடுத்தது?"

"நான்" என்றேன்.

அவர் தாளை உறையோடு என்னிடம் திருப்பித் தந்துவிட்டு விரிப்பின் இரண்டு மூலைகளைப் பிடித்தார். நானும் என் பக்கத்தைப் பிடித்தேன். அன்று முழுக்க ஒருவரை நோக்கி ஒருவர் நடந்தோம். முகத்துக்கு நேரே வந்து நின்றபோதெல்லாம் அவர் என் தோளுக்கு மேலாகச் சலவை இயந்திரத்தைப் பார்த்தார். ஏசியிருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும். நான் செய்தது பிழை, வெறும் அதிகப்பிரசங்கித்தனம். அதை எனக்கு யாராவது உரக்கச் சொல்லவேண்டும் போலிருந்தது. வீட்டில் மனைவி சொன்னாள். அது போதவில்லை.

அன்றே கனடாக்காரருக்கு எழுதினேன். பதில் வருவதற்குள் இன்னும் இரண்டு கடிதம் எழுதினேன். பாவம், அந்த மனிதர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார். முகமூடியை இழக்காதவர் என்று நான் எழுதாததால் தனக்குத் தெரியாமல் போனதாம். சொந்தப் பெயரை உடனே எடுத்துவிட்டார். பட்டத்தின் வரியை அப்படியே வைத்தார். ஆனால் அதற்குள் மெக்சிகோவில் இரண்டு மூன்று பேர் அதைப் பிரதி எடுத்துத் தங்கள் பக்கங்களில் போட்டுவிட்டார்கள். ஒரு பக்கத்தில் எடுக்கச் சொன்னால் இன்னொன்றில் முளைத்தது.

நான் இதையெல்லாம் விரிப்பு மடிக்கும்போது அவருக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் கேட்டுக்கொண்டார். பத்தாவது நாளோ என்னவோ, "காணும், விடும். சொன்ன பேர் சொன்னதுதான்" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை, தேத்தண்ணி இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னர், அவர் தன் பையிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டு திரும்பி நின்றார். தலையில் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பியபோது அது அவரல்ல. நீல வேலைச்சட்டைக்கு மேலே, படத்தில் நின்ற அந்த வீரன் இருந்தான். முதுகு நிமிர்ந்திருந்தது. விரிப்புத் தேய்க்கும் உருளை இயந்திரத்தில் எங்களோடு வேலைக்கு நின்ற துருக்கிக்கார அக்கா பயந்துபோய் இயந்திரத்தை நிற்பாட்டினார்.

"கயிற்றை அவிழும். என்ரை விரல் ஏலாது" என்று பிடரியைக் காட்டினார்.

"வேண்டாம்" என்றேன். "நான் ஒண்டையும் வெல்லேல்லை."

"வேறை ஒருத்தரும் வெல்லேல்லை" என்றார்.

சப்பாத்துக் கயிறு மாதிரி மெல்லிய கயிறு, துளை துளையாகப் பின்னியிருந்தது. அவிழ்த்து முடிக்க வெகுநேரம் எடுத்தது. அவர் அதைத் தானே கழற்றினார். முகம் சிவந்து, கண் கலங்கியிருந்தது. அடுக்கி வைத்த விரிப்புகளையும், நின்றுபோன இயந்திரத்தையும், எங்கள் இரண்டு பேரையும் பார்த்தபடி, தன் மொழியில், நிலவறை அதிர, பெயரைச் சொன்னார். ஊரைச் சொன்னார். எத்தனை வருடம் ஆடினார் என்பதைச் சொன்னார்.

"தன்ரை பேரை ஏன் சொல்லுறார்? எங்களுக்குத் தெரியுந்தானே" என்று அந்த அக்கா என்னிடம் கேட்டார்.

அவர் முகமூடியை இரண்டு கையாலும் நீட்டினார். நானும் இரண்டு கையாலும் வாங்கினேன். உள்பக்கம் சூடாக இருந்தது. "சரி, இனி மடிப்பம்" என்று சொல்லி விரிப்பின் மூலைகளைப் பிடித்தார். அன்று முகத்துக்கு நேரே வந்தபோது என்னைப் பார்த்தார்.

ஓய்வு பெறும்வரை அவர் எனக்கு எதிரேதான் நின்றார். இப்போது அவர் இல்லை. முகமூடி என் விண்ணப்பக் கோப்புகள் இருக்கும் அலமாரியில் இருக்கிறது. அந்த அலமாரிக்குப் பூட்டு இருக்கிறது. பட்டியலில் அவருடைய பதினொரு மாதமும் இருக்கிறது, யாரும் போய்ப் பார்க்கலாம். ஆனால் எந்தப் பட்டியல், எந்தப் பட்டம் என்று நான் சொல்லமாட்டேன். இதை எழுதி முடித்ததும் மனைவியிடம் கொடுத்து, அவருடைய பெயரோ, மேடைப் பெயரோ, முகமூடியின் நிறமோ எங்காவது வந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். இரண்டு தரம் வாசித்துவிட்டு, இல்லை என்றாள். பிறகுதான் அச்சுக்கு அனுப்பினேன். இந்த முறை எதையும் இணைக்கவில்லை.