தொரட்டியோடு நின்ற நேரம்

பின்வளவில் யாரோ காய்ந்த பனையோலையைக் கொளுத்துகிறார்கள். அதுவும் நடுப்பகலில்! தெருவில் ஓர் ஆட்டோ, பதினொரு மணியிலிருந்து மூன்று மணிவரை யாரும் வெயிலில் இறங்கக்கூடாது என்று மலையாளத்தில் கத்திக்கொண்டு போகிறது. எந்த வயதில் வந்து எனக்குச் சொல்கிறார்கள், பாருங்கள். ஜன்னலைச் சாத்திவிட்டேன். ஆனாலும் அந்த வாசனை உள்ளே வந்துவிட்டது. வந்தால் லேசில் போகாது.

ஐம்பதுகளில், கஞ்சிக்கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்த எங்கள் ராவுத்தர் தெரு முழுக்கப் பனையோலைக் கூரைதான். மாசி பிறந்தால் ஒரு கட்டுப்பாடு வந்துவிடும். காலை பத்து மணிக்குள் சமையலை முடித்து அடுப்பில் தண்ணீர் தெளித்துவிட வேண்டும். கணவாய்க் காற்று கிளம்பினால் ஒரு பொறி போதும். மத்தியானம் ஆறிய சோறுதான், டீக்குக்கூட வழியில்லை. இருபது வயதில் மளிகைக் கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த எனக்கு அதுதான் பெரிய துக்கம்.

வாசலுக்கு இரண்டு பானைத் தண்ணீர் நிற்கும். தெருவுக்குப் பொதுவாக நீளமான தொரட்டி ஒன்று உண்டு. தீப் பிடித்தால் எரிகிற வீட்டை விட்டுவிட்டு, அடுத்த வீட்டுக் கூரையை இழுத்துப் பிரித்துப் போடுவதற்கு. தீ அதற்கு மேல் போகாது. அந்தத் தொரட்டியை என்னிடம் கொடுத்திருந்தார்கள். நெட்டையாக இருந்ததைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. அதை வைத்துப் புளியங்காய் பறித்ததைத் தவிர வேறு சாதனையும் கிடையாது.

அந்த வருடம் நோன்பு கோடையில் வந்தது. நோன்புக் கஞ்சிக்காக மட்டும் சாயங்காலத்துக்கு முன்னால் அடுப்பு மூட்டிக்கொள்ளலாம் என்று விட்டார்கள். ஒருநாள் கஞ்சி காய்ச்சிய வீட்டுக் கூரையே பிடித்துக்கொண்டது. தொரட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அடுத்த வீடு ஜொகராக்காவுடையது. புருஷன் மௌத்தாகி இரண்டு மாதம்; அக்கா இத்தா இருந்தார். புருஷனை இழந்தவர் நான்கு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். கூரையைப் பிரித்தாலோ தெருவே உள்ளே பார்க்கும்.

"அக்கா, வெளிய வாங்க! கூரையப் பிரிக்கோணும்!"

"ஆம்பளைங்க நிக்கறாங்களா தம்பி?"

"நிக்கறாங்கக்கா. சுருக்கா வாங்க!"

"கொஞ்சம் பொறு. துப்பட்டிய எடுத்துப் போத்திட்டு வந்தர்றேன்."

பொறுத்தேன். தலையைக்கூடக் கவிழ்த்துக்கொண்டேன், மரியாதை தெரிந்தவன் அல்லவா. பின்னாலிருந்து ஒருவர், "இழுடா! என்னடா நிக்கறே?" என்று கத்தினார். அக்கா வரட்டும் என்றேன். அதற்குள் காற்று திரும்பியது. கூரை மொத்தமும் ஒரே மூச்சில் பற்றி உள்ளே விழுந்தது.

ஜொகராக்கா வரவில்லை.

மறுநாள் பள்ளிவாசலில் ஹஜ்ரத் சொன்னார்: உயிருக்கு ஆபத்தென்றால் இத்தாவில் இருப்பவர் அப்படியே வெளியே ஓடி வரலாம், அதில் ஒரு குற்றமும் இல்லை. அக்காவுக்கு அது தெரிந்திருந்ததோ என்னவோ, எனக்குத் தெரியாது. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் அழுதாவது தீர்த்திருப்பேன்.

இப்போது இந்தத் தெருவில் ஓலை வீடு ஒன்றுகூட இல்லை. வாசல் பானை இல்லை, அடுப்பணைக்கும் நேரமும் இல்லை. அக்கா வீடு இருந்த இடத்தில் இரண்டு மாடிக் கட்டடம் நிற்கிறது. அதில் குடியிருப்பவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. அன்று அந்த வாசலில் நின்றவர்களில் மிச்சம் நான் ஒருவன்தான்.

ஓலை வாசனை வந்தால் இன்றும் என் இரண்டு கைகளும் தாமாக மேலே எழுகின்றன. இழுப்பதற்குக் கூரை இல்லை.