அவள் டம்ளர் காபி

போன வருடம் ஐப்பசி மழையில், தி.நகரில் என் வீட்டில் நடந்தது இது. என் மனைவி காலமாகி அப்போது அதிக நாள் ஆகவில்லை.

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். தெற்கேயிருந்து வந்து, தலையில் கூடை சுமந்து தெருத்தெருவாகப் பாத்திரம் விற்று, இன்று உஸ்மான் சாலைப் பக்கம் இரண்டு மாடி எவர்சில்வர் கடை வைத்திருக்கிறேன். ஒரு குடத்தைக் கையில் தூக்கினாலே எடையைச் சொல்லிவிடுவேன், தராசெல்லாம் அப்புறம்தான். யாரிடமும் போய்த் தலை குனிந்து நின்றதில்லை. அடங்கினது ஒரே ஒரு ஆளுக்குத்தான். அவளும் போய்விட்டாள்.

காலையும் மாலையும் நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்துதான் காபி குடிப்போம். என் கடை டபரா டம்ளர், ஒரே மாதிரி இரண்டு. அவள் போன பிறகும் இரண்டிலும் ஊற்றினேன். அவளுடையது ஆறிப்போவதைப் பார்க்கச் சகிக்காமல் அதையும் நானே குடித்துவிடுவேன். டிகாஷன் எனக்குக் கெட்டியாக இருக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில் சிறுநீரில் தொற்று வந்தது. டாக்டர் ‘சிப்ரோ’ என்று ஆரம்பிக்கும் மாத்திரை எழுதிக்கொடுத்தார். எரிச்சல் குறைந்தது, ஆனால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. தூக்கம் போனது. காபி குடித்துவிட்டு அவள் நாற்காலியைப் பார்த்தபடி உட்கார்ந்தால் படபடப்பு இன்னும் கூடும். எனக்குச் சந்தேகமே இல்லை. அவள் கூப்பிடுகிறாள். பயமா? சந்தோஷமாகத்தான் இருந்தது. கல்லாச் சாவியை மகனிடம் கொடுத்துவிட்டேன்.

கடைக்குச் சரக்கு ஏற்றி வரும் ஆட்டோக்காரர்தான் காரியத்தைக் கெடுத்தார். “இன்னா மொதலாளி, கை இப்டி ஆடிக்கினு கீது? தம்பி, அப்பாவ டாக்டராண்ட இட்டுக்கினு போ!”

மகன் விடவில்லை. மயிலாப்பூரில் ஒரு இதய டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனான். ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, “பயப்பட ஒண்ணுமில்லீங்க ஐயா. காபி எத்தனை குடிப்பீங்க?” என்று அந்த அம்மா கேட்டார்.

“காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. நான் அளவு தெரிஞ்ச ஆளு” என்றேன் மிடுக்காக.

மகன் தரையைப் பார்த்துக்கொண்டே, “அம்மா டம்ளரையும் சேர்த்தா நாலு, டாக்டர்” என்றான்.

யாருக்கும் தெரியாது என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்!

டாக்டரம்மா என் மாத்திரைச் சீட்டை வாங்கிப் பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: “இந்த மாத்திரை சாப்பிடுற வரைக்கும் காபியோட சத்து உடம்பை விட்டு லேசுல போகாதுங்க ஐயா. காலையில குடிச்சதே தீர்ந்திருக்காது, அது மேல சாயங்காலக் காபியும் சேரும். அதான் இந்தப் படபடப்பு. மாத்திரைய நிறுத்தாதீங்க, காபிய நிறுத்துங்க.”

பழைய சரக்கு நகராமல் கிடக்கும்போது புது லோடு வந்து இறங்கினால் கடை என்ன ஆகும் என்று எனக்கா தெரியாது? உடனே புரிந்தது. புரிந்ததும் அழுதுவிட்டேன்.

“அதான் ஒண்ணுமில்லன்னு சொல்றாங்களேப்பா” என்று மகன் முதுகைத் தடவினான். அதற்காகத்தான் அழுகிறேன் என்று பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

இரண்டு டம்ளரையும் கவிழ்த்து வைத்தேன். சில நாளில் நெஞ்சு அடங்கியது, தூக்கமும் வந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட வீடு இப்படி வெறிச்சென்று இருந்ததில்லை.

மாத்திரை முடிந்ததும் காபி குடிக்கலாம் என்றார்கள். கை பழக்கத்தில் இரண்டு டம்ளரையும் எடுத்தது. ஒன்றைத் திரும்ப அலமாரியிலேயே வைத்தேன்.

இப்போதெல்லாம் எந்த டாக்டர் மாத்திரை எழுதினாலும், “இதோட காபி குடிக்கலாமா?” என்று கேட்காமல் நான் எழுந்திருப்பதில்லை. கடைக்கு வருகிறவர்களிடமும் கேட்கச் சொல்கிறேன். நெஞ்சு ஒழுங்காகத்தான் அடிக்கிறது. ஆனாலும் அது படபடத்த அந்த நாட்களில் அவள் எதிரே வந்து உட்கார்ந்து கூப்பிடுவதாக நினைத்தேனே, அந்த நினைப்பு மட்டும் இன்னொரு தடவை வராதா என்று சில காலைகளில் தோன்றத்தான் செய்கிறது.