பேழைக்கு முதல் வணக்கம்

பிரெஞ்சு ஆட்சியிலிருந்த எங்கள் ஊர் மருத்துவப் பள்ளியில் ஆண்டுதோறும் மழைக்காலத்தில் ஒரு நினைவுச் சொற்பொழிவு நிகழும். ஆளுநரே முன்வரிசையில் அமர்ந்திருந்தாலும், பேச வந்தவர் மேடையேறியதும் முதலில் இடப்புறம் திரும்பி அங்கிருந்த கண்ணாடிப் பேழையை வணங்க வேண்டும். அதன் கதவைத் திறந்து வைக்க வேண்டும். பிறகே அவையோரை விளிக்கலாம். பேழைக்குள் ஓர் எலும்புக்கூடு நின்றது. எவர் நினைவாகச் சொற்பொழிவு நடந்ததோ, அவருடைய எலும்புக்கூடு அது.

அவர் அப்பள்ளியில் உடற்கூறு கற்பித்தவர். நான் சேர்வதற்குச் சில ஆண்டுகள் முன்பே மறைந்தவர். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தும், நடுவயதுக்குப் பின் கோயில் வாசலை மிதியாதவர். பாடத்துக்கென்று கப்பலில் வந்திருந்த ஒரே எலும்புக்கூடு உப்புக்காற்றில் உதிர்ந்துகொண்டிருந்த காலம் அது. தம் உடல் மண்ணுக்குப் போக வேண்டாம், மாணவருக்குப் பயன்படட்டும் என்று அவர் எழுதி வைத்துவிட்டார். அவ்விருப்பம் எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றப்பட்டது. அவருக்கொரு கல்லறையும் இல்லையே என்று மனம் பொறாத பழைய மாணவர் சிலர் கூடி, அவர் இறந்த நாளில் ஆண்டுக்கொரு சொற்பொழிவு என்று ஏற்பாடு செய்தனர். அந்த நாள் கல்லறைத் திருநாளுக்கு அடுத்த வாரத்தில் வரும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், மாணவனாக, முதன்முறை அதைக் கேட்டேன். பேச்சு குளிர்காய்ச்சலைப் பற்றியது என்பதற்கு மேல் இன்று ஒன்றும் நினைவில்லை. கடற்பக்கத்துச் சாளரம் வழியே காற்று நுழைந்தபோதெல்லாம், கம்பியில் கோத்த விரலெலும்புகள் ஒன்றோடொன்று மெல்ல உரசிய ஒலி மட்டும் நினைவில் இருக்கிறது. பேசியவரும் அதைக் கேட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு சொல் நேரம் நிறுத்தியே தொடர்ந்தார்.

கடைசி வரிசையில் வெள்ளைச் சேலையுடுத்த ஓர் அம்மாள் அமர்ந்திருந்தார். அவர் அந்த ஆசிரியரின் மனைவி. ஆண்டுதோறும் நெல்லித்தோப்பிலிருந்து ஆள் தள்ளும் புஷ்வண்டியில் வருவார். பிரெஞ்சுமொழி அவருக்கு அவ்வளவாகப் புரியாது. பேச்சு முடியும்வரை பேழையையே பார்த்திருப்பார். அவர் யாரென்று அறியாத என் வகுப்புத் தோழன் ஒருவன் பேழையைக் காட்டி என் காதில் கிசுகிசுத்தான்:

“முழுப் பேச்சையும் நின்னுக்கினே கேக்கறது அவரு ஒருத்தருதான்டா.”

அம்மாள் திரும்பினார். “உசுரோட இருந்தப்பவும் அவரு உக்காந்து நான் பாத்ததில்ல, தம்பி,” என்றார். அதற்குப் பிறகு அவன் எந்த ஆண்டும் கடைசி வரிசைப் பக்கம் போகவில்லை.

படிப்பு முடிந்து நான் அங்கேயே உடற்கூற்றுத் துணையாசிரியன் ஆனேன். அம்மாளின் குறை அப்போதுதான் எனக்கு முழுதாகத் தெரிந்தது. கல்லறைத் திருநாளன்று ஊரிலுள்ள கத்தோலிக்கர் அனைவரும் சுண்ணாம்பும் பூவும் மெழுகுவத்தியுமாக உப்பளத்துக் கல்லறைத் தோட்டத்துக்குப் போவார்கள். கணவருக்கென்று போய் நிற்க அவருக்கு ஓரிடம் இல்லை. எலும்புகளையாவது தாருங்கள், புதைத்துக்கொள்கிறேன் என்று பள்ளித் தலைவராக வந்தவர் ஒவ்வொருவரிடமும் கேட்டார். அவர்களும் இறந்தவரின் விருப்பத்தைச் சுட்டி மரியாதையாக மறுத்தனர்.

“அவரு நெனப்பு அவருக்கு,” என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். “மெழுவத்தி ஏத்த எனக்கு ஒரு எடம் வாணாமா?”

பிறகு பிரெஞ்சுத் துறைமுகமான மர்செய்யிலிருந்து புதிய எலும்புக்கூடு வந்திறங்கியது. அப்போதைய தலைவர் பணி முடிந்து தாயகம் திரும்பவிருந்தார். புறப்படும் தறுவாயில் அவர் மனம் இளகிற்று. தாம் கப்பலேறுவதற்குள் எடுத்துச் சென்றுவிட வேண்டும், அடுத்து வருபவர் இசையமாட்டார் என்று சொல்லியனுப்பினார். பங்குச் சுவாமியாரும், கோயிலை விட்டவராயிற்றே என்று நெடுநேரம் யோசித்து, அம்மாளின் பெற்றோர் கல்லறையிலேயே இடந்தரச் சம்மதித்தார்.

கப்பலுக்கு முதல்நாள் பிற்பகல், நான் கம்பிகளை அவிழ்த்து எலும்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். அம்மாள் அவற்றை வாங்கி வெள்ளைத் துணியில் அடுக்கினார். வலது முன்கையில் கட்டைவிரல் பக்கத்து எலும்பைக் கொடுத்தேன். அதன்மேல் விரலை ஓட்டினார், மறுபடியும் ஓட்டினார்.

“இது அவரு இல்ல, தம்பி.”

துயரம் பேசுகிறது என்று எண்ணினேன்.

“கல்யாணமான புதுசுல, முத்தியால்பேட்டையில புஷ்வண்டி கவுந்து இந்தக் கை ஒடிஞ்சுது. கூடின எடத்துல முடிச்சாட்டம் இருக்கும். மழ வந்தா வலிக்கும்னு நாந்தான் தைலம் தேச்சு உடுவேன். அந்த முடிச்சு எங்க?”

எலும்பு வழவழப்பாக இருந்தது. இடக்கை எலும்போடு சேர்த்துப் பார்த்தேன். சற்று மெலிந்தும் இருந்தது. பல்லாண்டு மாணவர் கைபட்டதில் அவருடையது எப்போதோ கம்பியிலிருந்து கழன்று உதிரி எலும்புகளோடு கலந்திருக்க வேண்டும். உதிரி எலும்புப் பெட்டியிலிருந்து எவரோ வேறொன்றை எடுத்துப் பொருத்திவிட்டிருந்தனர். பெட்டியைக் கொணர்ந்து கவிழ்த்தேன். முறிந்து கூடிய தடிப்புள்ள வலது முன்கை எலும்புகள் அதில் மூன்று கிடைத்தன. அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“தோலோட தொட்டதுதான எனக்குத் தெரியும்,” என்றார்.

பொழுது சாயத் தொடங்கியது. வெளியே வண்டி காத்திருந்தது. கை மட்டும் இங்கிருக்கட்டும், தேடிப் பார்த்துப் பிறகு தருகிறோம் என்று சொல்லி, அந்த வழவழப்பான எலும்பைத் துணியிலிருந்து எடுக்கப் போனேன். அவர் தடுத்தார்.

“யாரு பெத்த புள்ளையோ. இத்தினி வருசம் அவருக்குக் கையா நின்னுது. அதுவும் வரட்டும்.”

அப்படியே புதைத்தோம்.

அடுத்த கல்லறைத் திருநாளன்று நானும் உப்பளம் போயிருந்தேன். தூறலில் அம்மாள் இரண்டு மெழுகுவத்திகளை ஏற்றினார். ஒன்றைத் தலைமாட்டில் வைத்தார். மற்றொன்றை வலப்புறம், தோளுக்குச் சற்றுக் கீழே, தனியாக வைத்தார். காற்றில் அந்தச் சுடர் அணைந்தபோதெல்லாம் அதைத்தான் முதலில் ஏற்றினார்.

மறுவாரம் சொற்பொழிவு. புதிய தலைவர் மரபை மாற்றவில்லை. பேசவந்தவர் வெறும் பேழையை வணங்கினார். அதன் கதவைத் திறந்து வைத்தார். அம்மாள் இனி வரவேண்டியதில்லை என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். பேச்சு தொடங்கிச் சற்று நேரத்தில் அவர் வந்து, கடைசி வரிசையில் தம் பழைய இடத்தில் அமர்ந்தார். முடிந்ததும் அருகில் சென்று, இந்த மழையில் ஏனம்மா வந்தீர்கள் என்று கேட்டேன்.

“அவரு கை இங்கதான தம்பி இருக்கு,” என்றார்.

அன்றுமுதல் வகுப்பில் மாணவர் பெட்டியைத் திறந்து வலது முன்கை எலும்பொன்றை என்னிடம் நீட்டும்போது, என் கட்டைவிரல் பாடத்துக்கு முன்னே அந்த முடிச்சைத் தேடுகிறது. மூன்றும் பெட்டியில்தான் கிடக்கின்றன. வெளியே மழை பெய்யும் நாட்களில் அவற்றை நான் மாணவர் கையில் கொடுப்பதில்லை.