சர்வேயரின் முகம் சுருங்க வாத்தியார் கேட்டு வேண்டினேன்

அடியார்களே, முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். எல்லைப் படத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, எல்லாம் புரிந்தவன்போலத் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டவன் நான். சென்னப்பட்டணத்திலிருந்து கப்பலில் புத்தகம் வரவழைத்துப் படிக்கிறவன் ஒரு சர்வேயரிடம் "புரியவில்லை" என்று சொல்வதா?

உலகச் சண்டை முடிந்த மறு வருடம் அது. நம் தீவின் வடக்கே ட்ரியோலே ஊரில் எனக்கு இரண்டு ஏக்கர் கரும்பு. எல்லைக் கல் நட்ட பிறகுதான் தெரிந்தது, ஆறு வரிசைக் கரும்பு பக்கத்துத் தோட்டத்துரைக்குப் போய்விட்டது. ஓடிப்போய்க் கேட்டேன்.

"மிஸ்யே, இது திரிகோணக் கணக்கு. உமக்குக் கரும்பு வெட்டத் தெரியுமே, அது போதும்" என்றார் சர்வேயர். மரியாதை அந்த மிஸ்யேயோடு சரி. துரையின் ஆட்கள் சிரித்தார்கள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தக் கணக்கைப் படித்தே தீருவது என்று வாத்தியார் தேடி ரோஸ் ஹில் வரை அலைந்தேன். ஒருவர் என் நரையைப் பார்த்து, "பையன் எங்கே?" என்றார். பையனே நான்தான் என்றதும் கதவைச் சாத்தினார்.

தைப்பூசம் வந்தது. காவடி எடுத்தேன். பத்து நாள் விரதத்தில் கோபம் கூடாது என்பார்கள். மற்ற எல்லாவற்றையும் விட்டேன். அதை மட்டும் விட முடியவில்லை. "முருகா, நிலம் அப்புறம். அந்த ஆளின் முகம் சுருங்க வேண்டும். ஒரு வாத்தியாரைக் கொடு!" ஆற்றங்கரையிலிருந்து கோயில் வரை உரக்கவே வேண்டினேன். பக்கத்தில் காவடி சுமந்தவர் நாக்கில் வேல் குத்தியிருந்ததால், குறுக்கே பேச வழியின்றி முழுவதையும் கேட்டார். வேலை எடுத்ததும் என்னிடம் வந்தார்.

"அண்ணே, பழைய பத்திரத்துல கோணம் எழுதியிருக்கா?"

குட்லண்ட்ஸ் ஊரில் கணக்கு வாத்தியார் அவர். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அழுதேன்.

ஆறு மாதம், ஞாயிறுதோறும் சைன், கொசைன் என்று திரிகோணக் கணக்கு படித்தேன். "அண்ணே, சைன் உங்கள ஒண்ணும் பண்ணல. அத ஏன் மொறைக்கிறீங்க?" என்பார்.

பிறகு துரையின் ஆபீசில், சிரித்த அதே ஆட்களின் முன்னால், பழைய பத்திரத்தின் கோணங்களை வைத்து நான் போட்ட கணக்கை வரி வரியாகப் படித்துக்காட்டினேன். சர்வேயர் பென்சிலை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். காது சிவந்தது. "தப்புதான்" என்றார். பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்கவில்லை என்றேன். இன்னொரு முறை சொன்னார். கல் பழைய இடத்துக்கே போனது.

இப்போதெல்லாம் புரியாததைப் புரியவில்லை என்றே சொல்கிறேன். மனத்துக்குள் புழுங்குகிறவர்களே, பழிவாங்கும் ஆசையாக இருந்தாலும் முருகனிடமே கொண்டுபோங்கள். அவன் முகம் சுளிப்பதில்லை.

இதையெல்லாம் நான் கோயிலில் சொல்லி முடித்ததும் என் மனைவி சொன்னாள்: "நெலத்தையே கேட்டிருந்தா தை மாசமே வந்திருக்கும். நீங்கதான் வாத்தியாரக் கேட்டீங்க."