தொட்டித் தண்ணீரில் விறைத்த விரல்கள்

என் விரல்கள் விறைக்கத் தொடங்கியபோது, அக்காவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. பண்டத்தரிப்பில் இருக்கும் அக்காவுக்கு நீரிழிவு. கால்விரல் லேசாக விறைக்குது என்றுதான் அவளும் முதலில் சொன்னாள். அதனால் எனக்கு வந்திருப்பது என்ன என்பதை எவரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. நானே தீர்மானித்துவிட்டேன்.

சுன்னாகத்தில் எங்கள் வளவில் மண்வெட்டி இரண்டு கொத்துக்கு மேல் இறங்காது. கீழே முழுக்கச் சுண்ணாம்புக்கல். என் கணவர் ஓய்வுபெற்ற பிறகு யூடியூப் பார்த்து, மீனையும் பூச்செடியையும் ஒன்றாக வளர்க்கும் முறையைப் படித்துக்கொண்டார். பின்வளவில் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி, அதில் திலாப்பியா மீன்கள். தொட்டிக்கு மேலே சல்லிக்கல் நிரப்பிய இரண்டு தட்டுகள். தண்ணீருக்குள் கிடக்கும் சின்ன மோட்டர் மீன்கழிவு கலந்த தண்ணீரைத் தட்டுகளுக்கு ஏற்றும். செடிகள் அதில் வேண்டியதை எடுத்துக்கொள்ள, தெளிந்த தண்ணீர் திரும்பவும் தொட்டிக்குள் விழும். மண்ணே இல்லாமல் செவ்வந்தியும் அந்தூரியமும் அப்படிப் பூத்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. காலையில் மீனுக்குத் தீன் போடுவதும், தண்ணீருக்குள் கையை விட்டு அழுகிய இலைகளை அள்ளுவதும் என் வேலை.

மழைக்காலம் தொடங்கியதும், கரண்ட் எங்காவது கசிந்தால் தானாக நிறுத்தும் ட்ரிப் சுவிச் அடிக்கடி விழுந்தது. மோட்டர் நின்றால் மீன்களுக்கு மூச்சு முட்டும். ஒருநாள் அக்காவைப் பார்க்கப் போய்த் திரும்பியபோது பதினொரு மீன்கள் வயிறு தெரிய மிதந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. மறுநாளே கரண்ட் வேலை செய்கிறவர் ஒருவரைக் கூப்பிட்டேன்.

"தம்பி, மோட்டருக்கு மட்டும் ட்ரிப்பிலை படாமல் நேரை லைன் எடுத்துத் தாங்கோ."

"அது கூடாது அக்கா," என்றார் அவர்.

"மீன் எல்லாம் சாகுது. ஒருக்காச் செய்து தாங்கோ."

அவர் அரைமனதோடு செய்தார். கேட்டது நான். கணவர் அப்போது வீட்டில்கூட இல்லை.

இரண்டு கிழமை கழித்து, இலை அள்ளும்போது விரல் நுனிகளில் எறும்பு ஊர்வதுபோல இருந்தது. கையை உதறினேன். மறுநாளும் இருந்தது. அதன் பிறகு தையல் மெஷினில் இருக்கும்போதும் விரல் விறைப்பதுபோலவே தோன்றியது. பயம் அப்படித்தான் செய்யும்; இல்லாததையும் உணர வைக்கும். குளித்துவிட்டு என் கால்விரல்களை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பார்ப்பேன். இரத்தம் சோதிக்கப் போகவில்லை. போனால் உண்மையாகிவிடும் என்று பயம். கணவர் "ஏன் ஒருமாதிரி இருக்கிறீர்?" என்று கேட்டபோதெல்லாம் "தலையிடி" என்றேன்.

ஒருநாள் விடிந்தபோது நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. தட்டுக்குத் தண்ணீர் சரியாக ஏறவில்லை. மோட்டரின் வலையில் பாசி அடைத்திருக்கும் என்று சொல்லிக்கொண்டு கணவர் பின்வளவுக்கு இறங்கினார். நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். சுவிச்சை நிற்பாட்டினாரா என்று கேட்க நினைத்து யன்னலால் பார்த்தேன்.

அவர் வெறுங்காலோடு சேற்றில் நின்றார். கை முழங்கைவரை தண்ணீருக்குள் இருந்தது. உடம்பு முழுவதும் இறுகி நடுங்கியது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை.

அந்த ஒரு கணத்தில் எனக்கு எல்லாம் விளங்கியது. எறும்பு ஊர்ந்தது நோயால் அல்ல. நான் எப்போதும் றப்பர் செருப்போடு நின்று கை விட்டதால்தான் அது எறும்பாக மட்டும் இருந்திருக்கிறது.

ஓடிப்போய் அவரைப் பிடித்து இழுக்கத்தான் கால் எழுந்தது. எப்படித் திரும்பினேன் என்று தெரியவில்லை. முன்விறாந்தைக்கு ஓடி மெயின் சுவிச்சை இழுத்தேன். முதல் தரம் கை வழுக்கிவிட்டது. இரண்டாம் தரம்தான் இறங்கியது. திரும்பி ஓடியபோது அவர் நிலத்தில் கிடந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"இஞ்சாருங்கோ! இஞ்சாருங்கோ!" என்று நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் பாய்ந்து வந்தார். அவர் கணவரின் நெஞ்சை அமுக்க அமுக்க, நான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கை குளிர்ந்திருந்தது. போய்விட்டார் என்றே நினைத்தேன். பிறகு ஒரு இருமல் வந்தது. அம்புலன்ஸ் வந்தபோது கண் திறந்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் இதயத்தைக் கவனிக்க வேண்டும் என்று இரண்டு நாள் வைத்திருந்தார்கள். உள்ளங்கையில் கறுத்த ஒரு காயம் தவிர வேறு ஒன்றுமில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து நேர் லைன் எடுத்ததையும், விரல் விறைத்ததையும், மறைத்ததையும் சொன்னேன்.

அவர் என் விரல்களைப் பிடித்துப் பார்த்தார்.

"உமக்குக் கரண்ட் அடிச்சுதெண்டு ஏன் சொல்லேல்லை?"

"கரண்டெண்டு நினைக்கேல்லையப்பா. அக்காவுக்கு வந்தது எனக்கும் வந்திட்டுதெண்டு நினைச்சன்."

"அதைத்தன்னும் சொல்லியிருக்கலாமே."

கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் மெதுவாகத்தான் சொன்னார். அன்றே கீழே இறங்கிச் சோதிக்க இரத்தம் குடுத்தேன். சீனி வருத்தம் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் நேர் லைனைக் கழற்றுவித்தோம். மோட்டரின் வயர் உள்ளே போகும் இடத்தில் றப்பர் வெடித்திருந்தது. இப்போது சூரியத் தகட்டில் ஓடும் சின்ன மோட்டர் ஒன்று வைத்திருக்கிறார். அது கரண்ட் அடிக்காது என்று பத்துத் தரம் விளங்கப்படுத்திவிட்டார்.

எனக்கு விளங்குகிறது. ஆனாலும் தண்ணீருக்குள் கை விட என்னால் முடியவில்லை. தூர நின்று தீனை எறிகிறேன். அவர் இலை அள்ளக் குனியும்போது முதுகையே பார்த்துக்கொண்டு நிற்பேன். "அங்காலை போமப்பா, ஒண்டுமில்லை," என்று சிரிப்பார். நான் நகர மாட்டேன். அந்தூரியம் இந்த முறை ஒன்பது பூ விட்டிருக்கிறது என்று அவர்தான் எண்ணிச் சொன்னார்.