பில்டரில் சுற்றிய பட்டு

பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர் கையில் பழைய காரைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் குடும்பம் என் அத்தையின் கல்யாணத்தன்று தெரிந்துகொண்டது. சாயம் போடுகிறவர் என் சித்தப்பா. காரை வாங்கியவர் அப்பா. சென்னையில் யாரோ ஓட்டிக் களைத்து, வேலூரில் வேறு யாரோ ஓட்டிக் களைத்து, மூன்றாவதாக ஆரணிக்கு வந்து சேர்ந்த கார் அது. சுற்றுப்பட்டு ஊர்களில் தறி போட்டிருந்தவர்களிடம் பாவு நூல் கொடுத்துப் புடவை வாங்கிவர அப்பாவுக்கு அது தேவைப்பட்டது. சித்தப்பாதான் ஓட்டக் கற்றுக்கொண்டார். அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம்.

எழுபதுகள் முடியப்போகிற காலம். எனக்கு ஒன்பது வயது, அத்தைக்கு இருபத்தாறு. அதற்கு முன் இரண்டு சம்பந்தங்கள் நிச்சயம் வரைக்கும் வந்து முறிந்திருந்தன. மூன்றாவது மாப்பிள்ளைக்குப் படவேடு. அவருடைய அம்மா சகுனம் பார்ப்பதில் பேர் போனவர். பெண் பார்க்கக் கிளம்பியவர் பூனை குறுக்கே போனதென்று பாதி வழியில் திரும்பிப் போய், மறுவாரம் வந்தார். ரேணுகாம்பாள் கோயிலில் எட்டு மணிக்கு மேல் ஒன்பதரைக்குள் முகூர்த்தம். அது தப்பினால் இந்த இடமும் போச்சு, அப்புறம் இவளுக்குக் கல்யாணமே இல்லை என்று அம்மா ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெண் போகிற வண்டி, புது ஆயில் ஊற்றிப் புது பில்டர் போட்டுவிடு என்று அப்பா சித்தப்பாவிடம் சொல்லியிருந்தார். எப்படிப்பட்ட ஆயில் என்று வேலூர் மெக்கானிக் முன்பே தெளிவாகச் சொல்லியிருந்தார்: "இஞ்சின் தேஞ்ச வண்டிங்க இது. கெட்டி ஆயிலு, நாப்பது நம்பர் பாத்து ஊத்துங்க. பில்டரு அங்கெல்லாம் கெடைக்காது, ஒரு வாரம் முன்னயே எங்கிட்ட சொல்லிடுங்க." சித்தப்பாவுக்கு அந்த ஒரு வாரம் ஞாபகம் வந்தபோது கல்யாணத்துக்கு ஒரு நாள்தான் பாக்கி.

ஆயில் வாங்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மடியில் வெள்ளைப் பட்டு நூல் கொஞ்சம் வைத்திருந்தார். கடைக்காரரிடம் டின்களைத் திறக்கச் சொல்லி, ஒவ்வொன்றிலும் ஒரு நூல் கொத்தை நனைத்து வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். நாற்பது நம்பர் மங்கலாக இருந்ததாம். முப்பது நம்பர் சுத்தப் பொன் நிறம். கடைக்காரர் ஏதோ சொல்ல வந்தார். "கலரே சொல்லிடும்ங்க, சரக்கு எப்பிடின்னு" என்று சித்தப்பா அவர் வாயை அடைத்து முப்பதையே வாங்கிக்கொண்டார். இருபது வருடம் நிறத்தைப் பார்த்துச் சரக்கை எடைபோட்ட மனிதர், அவரைச் சொல்லியும் குற்றமில்லை.

பில்டருக்கும் வழி கண்டுபிடித்தார். இஞ்சினுக்குப் பக்கத்தில் டப்பா போல இருந்ததைக் கழற்றி, உள்ளே இருந்த பழைய காகித பில்டரை எடுத்தார். கறுத்துக் கிழிந்து கிடந்தது. "காகிதத்துல வடிகட்டுறானுங்க பாரு. சாயத் தண்ணியே நாம பட்டுல வடிச்சாத்தான் கசடு நிக்குது. எண்ணெ எம்மாத்திரம்?" என்று சொல்லிக் காகிதத்தைப் பிய்த்தெறிந்துவிட்டு, மிஞ்சிய, ஓட்டை போட்ட தகரக் குழாயில் கழிவுப் பட்டு நூலை இறுக்கிச் சுற்றினார். நூலைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். "உங்கப்பன்கிட்ட சொன்னே, நாளைக்கு முன்சீட்டு கெடையாது" என்றார். முன்சீட்டுக்காக நான் எந்த ரகசியத்தையும் காப்பாற்றத் தயாராக இருந்தேன்.

மறுநாள் ஏழரை வரை எமகண்டம் என்று காத்திருந்து ஏழேமுக்காலுக்குக் கிளம்பினோம். மற்றவர்கள் முந்தின நாளே வேனில் போய்விட்டார்கள். சித்தப்பா ஓட்ட, நடுவில் நான், ஓரத்தில் பட்டு வேட்டியில் அப்பா. பின்னால் அம்மாவும் அத்தையும், மடியிலும் காலடியிலும் சீர்த் தட்டுகள். கண்ணாடிக்குக் கீழே மல்லிகைச் சரம் கட்டியிருந்தது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஆயில் பிரஷர் காட்டும் சின்ன முள் ஒன்று உண்டு. அது நடுவில் நிற்க வேண்டும், இறங்கினால் இஞ்சின் செத்துப்போகும் என்று சித்தப்பாவே எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

ஊர் எல்லை தாண்டும்வரை முள் நடுவில் நின்றது. வண்டி சூடாக ஆக, இறங்க ஆரம்பித்தது. முதலில் ஒரு நூல் அளவு. அப்புறம் இன்னும் கொஞ்சம். சித்தப்பாவைப் பார்த்தேன். அவரும் முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று ஒரு கையால் மல்லிகைச் சரத்தை இழுத்து முள்ளின் மேல் தொங்கவிட்டார். சாமிக்குப் பூ சாத்துகிற பவ்வியத்தோடு செய்ததால் அப்பாவுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பூவின் இடுக்கு வழியாகக் குனிந்து பார்த்தால் முள் கிட்டத்தட்ட அடியில் கிடந்தது. இஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவது போல டொக் டொக் என்று ஆரம்பித்தது.

"இன்னாடா சத்தம்?" என்றார் அப்பா.

"ரோடு சரியில்லண்ணா."

சத்தம் பலத்தது. சித்தப்பா என்னைப் பார்த்த பார்வையில் முன்சீட்டு மட்டுமில்லை, என் மொத்த எதிர்காலமும் இருந்தது. அத்தை பின்னால் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள். இவள் கல்யாணம் என்னால் நின்றுவிடும் என்று நினைத்ததும் என்னால் தாங்க முடியவில்லை. "அப்பா, பில்டர்ல பட்டு சுத்தி வச்சிருக்கு! முள்ளு இறங்கிப்போச்சு!" என்று கத்திவிட்டேன்.

சித்தப்பா வண்டியை ஓரங்கட்டி அணைத்தார். வழியில் இருக்கும் சந்தவாசலுக்கே இன்னும் நாலைந்து மைல். பஸ் எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது. அப்பாவின் கடிகாரத்தில் எட்டு இருபது.

"வண்டி நின்னுபோச்சுன்னு யாரும் வாயால சொல்லாதீங்க. நாமதான் நிறுத்தியிருக்கோம்" என்றாள் அம்மா.

சித்தப்பா சூடு தாங்காமல் உதறிக்கொண்டே டப்பாவைக் கழற்றினார். பொன் நிற எண்ணெய் பாதி தரையில் கொட்டியது. உள்ளே பட்டு நனைந்து, இறுகி, ஈரத்தலையில் விழுந்த சிக்கு போல அடைத்துக்கொண்டிருந்தது. அவர் அதைப் பிய்த்துப் பிய்த்து எடுத்தபோது, பட்டுப் புடவைக்குப் பேர் போன ஊர்க்காரர்கள் நாங்கள் யாரும் அதை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பக்கத்துக் கொல்லையில் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கும் ஆயில் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அதை ஓட்டிக்கொண்டிருந்தவர் வரப்பில் இறங்கி வந்து, கொட்டிய எண்ணெயை விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார்.

"தண்ணியா இருக்குதே. பழைய மெஷினு இத வச்சிகினு எப்பிடிங்க தாங்கும்? எங்கிட்ட நாப்பது நம்பர் இருக்குது, கெட்டியா இருக்கும். பில்டர் இல்லாம வெறும் டப்பாவ மாட்டுங்க, படவேடு வரைக்கும் ஓடிடும். ஜல்தியா ஆவட்டும்."

அவர் கொண்டுவந்த டின்னில் எண்ணெய் வெல்லப்பாகு போலக் கெட்டியாக, அழுக்கு நிறத்தில் இருந்தது. வெறும் டப்பாவை மாட்டிவிட்ட சித்தப்பா அந்த வேளையிலும் அதன் நிறத்தைப் பார்த்துத் தயங்கினார். அப்பா டின்னைப் பிடுங்கித் தானே ஊற்றினார். பட்டு வேட்டியில் கை அகலத்துக்குக் கறை படிந்தது.

இஞ்சின் உறுமியது. அம்மா மல்லிகைச் சரத்தை அறுத்தெடுத்தாள். நாங்கள் நாலு பேரும் முள்ளைப் பார்த்தோம். அது அடியிலேயே கிடந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். பிறகு முள் லேசாக ஆடி, மெல்ல மெல்ல ஏறி நடுவுக்கு வந்து நின்றது. அம்மா படவேடு இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். நான் பின்பக்கம் ஓடி, "சரியாயிடுச்சி அத்தை!" என்றேன். அத்தை என்னைப் பார்த்துவிட்டு மடியிலிருந்த தட்டைச் சரிசெய்தாள்.

ஒன்பது பத்துக்குக் கோயிலில் இறங்கினோம். ஒன்பதரைக்கு முன் தாலி ஏறியது. மாப்பிள்ளையின் அம்மா அப்பாவின் வேட்டிக் கறையைப் பார்த்தார். தீபத்து எண்ணெய் என்று அம்மா கூசாமல் சொன்னாள். அன்று வாழ்க்கையில் முதல் தடவையாக அம்மா என் வாயைப் பாராட்டினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பந்தி நடந்துகொண்டிருந்தபோது அத்தை தனியாக உட்கார்ந்திருந்தாள். என்னைக் கூப்பிட்டு, கன்னத்தில் ஒட்டியிருந்த கறுப்பை முந்தானையால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே, வேறு யாருக்கும் கேட்காத குரலில், "இன்னும் ரெண்டு மைல் வாய மூடிகினு வந்திருக்கக் கூடாதாடி?" என்றாள்.

பல வருடம் கழித்து, என்னைப் பெண் பார்க்க வந்துவிட்டுப் போன ஒரு சாயங்காலம், எனக்குப் பிடித்திருக்கிறதா என்று வீட்டில் ஒருவரும் கேட்காதபோதுதான் அத்தை என்ன கேட்டாள் என்று எனக்கு விளங்கியது. அவள் படவேட்டில் நாலு பிள்ளை பெற்றாள், மாமியாரைக் கடைசி வரை பார்த்துக்கொண்டாள். மறுபடி என்னிடம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

அன்றைக்கு, சித்தப்பாவைக் காட்டிக்கொடுத்ததற்காகத்தான் கோபிக்கிறாள் என்று நினைத்தேன். "இனிமே சொல்ல மாட்டேன் அத்தை" என்று அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு, பாயசம் தீர்ந்துவிடுமே என்று பந்திக்கு ஓடினேன்.